இருட்டில் மட்டும் ஏன் விழுகிறான்?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. பிறந்த இரண்டாவது வாரம் சிறுநீரைச் சோதித்ததில், கருவிலேயே தொற்றும் சி.எம்.வி. (சைட்டோமெகலோ) வைரஸ் இருப்பது தெரிந்தது. வலது காது கேட்காது, மிஷின் வைத்திருக்கிறோம். 22 மாதத்தில்தான் நடந்தான். பகலில் நன்றாக ஓடுகிறான், கரண்ட் போனாலோ மணலில் நடந்தாலோ தொப்பென்று விழுகிறான். மூளை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வீட்டில் 'கவனம் பத்தாது, போகப் போகச் சரியாகும்' என்கிறார்கள். காதுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்?

பதில்: உண்டு அம்மா. கரண்ட், மணல் என்று இரண்டையும் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிட்டது.

நாம் விழாமல் நிற்பதற்குக் கண், பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு, உட்காது மூன்றும் வேண்டும். உட்காதில் கேட்பதற்கென்று நத்தைக்கூடு மாதிரி ஒரு பகுதி, அதை ஒட்டியே தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் மூன்று அரைவட்டக் குழாய்களும் இரண்டு சின்னப் பைகளும் இருக்கின்றன. சி.எம்.வி. ஒன்றைத் தாக்கும்போது பக்கத்தில் இருப்பதையும் தாக்கலாம். சில குழந்தைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும், சமநிலை மட்டும் போயிருக்கும். உங்கள் பையன் உட்காதின் குறையைக் கண்ணையும் காலையும் வைத்துச் சமாளிக்கிறான். இருட்டு கண்ணைப் பறித்துக்கொள்கிறது, மணல் காலை ஏமாற்றுகிறது, அப்போது விழுகிறான். கவனம் பத்தாமல் இல்லை, சொல்லப்போனால் மற்ற பிள்ளைகளைவிட அவன்தான் அதிகம் கவனித்து நடக்கிறான்.

தலைசுற்றுகிறது என்று அவன் ஏன் சொல்வதில்லை என்று யோசிப்பீர்கள். பிறந்ததிலிருந்தே இப்படி என்றால் அவனுக்கு இதுதான் இயல்பு, அதில் சொல்ல என்ன இருக்கிறது? 22 மாதத்தில் நடந்ததைப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாதிப்பு இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம், இடது காது நன்றாகக் கேட்டாலும்கூட.

சோதித்துப் பார்த்துவிடலாம். உட்காதின் சமநிலைப் பகுதியைப் பார்க்க 'வெம்ப்' என்று ஒரு சோதனை, கழுத்தில் ஒட்டுவில்லை (எலெக்ட்ரோடு) ஒட்டி, காதில் சத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள், வலிக்காது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2018-லிருந்து காது கேளாத குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலேயே இதைச் செய்கிறார்கள். நம் ஊரில் கேட்டால்தான் செய்வார்கள், அதனால் கேளுங்கள். கேட்கும் திறனைப் பார்க்கும் சோதனை நார்மல் என்றால் சமநிலையும் நார்மல் என்று அர்த்தமில்லை. அந்தச் சோதனையையும் விட்டுவிடாதீர்கள், இந்த வைரஸால் நல்ல காதும் பின்னாளில் மங்கலாம். வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்தே ஆக வேண்டும்.

மருந்தா? இந்த வைரஸுக்கான வால்கேன்சைக்ளோவிர் பிறந்த முதல் மாதத்துக்குள் ஆரம்பிக்க வேண்டிய மருந்து, இப்போது கொடுத்துப் பயனில்லை. யாராவது சினாரிசின் போல தலைசுற்றல் மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் வேண்டாம், மூளை பழகிக்கொள்வதை அது தாமதப்படுத்தும். அவனுக்குத் தேவை பயிற்சி. சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வளர்ச்சிக் குறையுள்ள குழந்தைகளுக்காக உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வீட்டில் மெத்தைமேல் நடக்க விடுங்கள், ஊஞ்சலில் ஆட்டுங்கள், பந்தைப் பார்த்துக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள், கூடவே ஒருவர் நின்றால் போதும். விழுவான், பரவாயில்லை. சைக்கிள் மற்ற பிள்ளைகளைவிடத் தாமதமாகத்தான் வரும், அதற்காகத் திட்டாதீர்கள். ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஜீரோ வாட் பல்பு ஒன்று எரியட்டும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய பயம்: தண்ணீர். கலங்கலான குளத்திலோ கிணற்றிலோ முங்கினால் கண் தெரியாது, காலுக்குத் தரை கிடையாது, உட்காதும் உதவாது, மேலே எது கீழே எது என்றே அவனுக்குத் தெரியாமல் போகலாம். நீச்சல் கற்றுக்கொடுங்கள், ஆனால் அவன் தண்ணீரில் இருக்கும்வரை கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவரும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது போதாது.