இன்சுலின் அளவு: சிரிஞ்ச் மூடியின் நிறத்தைப் பாருங்கள்

சிஸ்டர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இன்சுலின் அளவு தப்பிவிடுமோ என்று கை நடுங்குவதாக எழுதியிருந்தீர்கள். பயம் நியாயம்தான். இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகைப் பாட்டில்களும் புழங்குகின்றன. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு. 100 பாட்டில் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10ஆவது கோடு வரை, அதாவது கால் மில்லி, இழுத்தால் உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட்! மூடியைக் கழற்றும் முன்பே பாட்டில் லேபிளோடு ஒப்பிட்டுவிடுங்கள். அப்புறம், இழுத்ததை இன்னொரு சிஸ்டரிடம் காட்டாமல் போடாதீர்கள். நைட் ட்யூட்டியில் அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கேஸ் ஷீட்டில் யூனிட்டுக்குப் பதில் வெறும் ‘U’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அவசரத்தில் பூஜ்யமாகத் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். டாக்டரிடமே கேட்டு முழுதாக எழுதி வாங்குங்கள்.