புதுப் பொருளும் பழைய சுவரும்: செட்டிநாட்டு வீடு கட்டுவோர் கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் புது வீடு கட்டுபவர்களும் நடுவில் முற்றம் வைத்த பழைய வளவு வீட்டைப் பழுது பார்ப்பவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். புதுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று சாந்து, கருவி, வேலை வரிசை உண்டு. பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைப் பழைய மாதிரியே செய்வதால்தான் பாதிக்கு மேல் கோளாறு வருகிறது.

காரைக்குடி, வீட்டுக்காரர்: ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டி ஆறு மாசம்தான் ஆகுது ஐயா. தூண் ஓரமா நேர்கோடு போட்ட மாதிரி பூச்சு வெடிச்சிருக்கு. பிளாக் மட்டமான சரக்கா?

ஏ.ஏ.சி. என்பது உள்ளே காற்றுக் குமிழ் நிறைந்த லேசான கான்கிரீட் கட்டி. பிளாக்கைக் குறை சொல்ல வேண்டாம். கான்கிரீட் தூண் சுருங்கும் அளவு வேறு, பிளாக் சுருங்கும் அளவு வேறு. இரண்டும் சேரும் இடத்தில் வலை வைக்காமல் பூசினால் அங்கே கோடு விழத்தான் செய்யும். கோட்டின் இருபுறமும் 10 செ.மீ. அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுங்கள். தூசியைத் துடைத்து, 20 செ.மீ. அகல ஃபைபர் வலையைத் தூண் மேல் பாதி, பிளாக் மேல் பாதி வருமாறு பதித்து, மறுபடி பூசுங்கள். விரிசலுக்குள் வெறும் பட்டி வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திரும்பவும் வரும்.

தேவகோட்டை, கொத்தனார்: செங்கல்லுக்குப் போடுற சிமெண்ட் சாந்திலேயே இந்த பிளாக்கையும் கட்டலாமாண்ணே?

முதல் வரிசைக்கு மட்டும் போடுங்கள், அதுவும் மட்டம் பிடிப்பதற்காக. இரண்டாம் வரிசையிலிருந்து பிளாக் ஒட்டும் பசைதான். பல் கரண்டியால் இழுத்து 3 மி.மீ. கனத்தில் வையுங்கள். அந்தக் கணக்கில் ஒரு கனமீட்டர் சுவருக்குச் சுமார் 30 கிலோ பசை பிடிக்கும். செங்கல்லைப் போல பிளாக்கைத் தொட்டியில் ஊறப்போடவே கூடாது. ஈரத்தில் பருத்த பிளாக் சுவரில் உட்கார்ந்து காயும்போது சுருங்கி, இணைப்பை இழுத்துவிடும். ஒட்டும் முகத்தைத் துடைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். மழையில் நனைந்த அடுக்கைக் காயவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மேல் உத்திரத்தோடு பிளாக்கை இறுக்கி முட்டவிடாதீர்கள். உத்திரம் சற்று வளைந்தாலே பாரம் சுவரில் இறங்கும். ஒரு செ.மீ. இடைவெளி விட்டு, சில நாள் கழித்து மெத்தென்ற நிரப்பியால் அடையுங்கள். பூச்சு 1:6 (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) போதும். 1:3 என்று கெட்டியாகப் போட்டால் பிளாக்கைவிடப் பூச்சு இறுகி, பாளம் பாளமாகக் கழன்று வரும்.

கானாடுகாத்தான், ஆச்சி: எங்க ஐயா கட்டின வீடு தம்பி. பட்டாசாலை, அதான் உள்கூடத்துச் சுவர்ல ரெண்டடிக்கு ஈரம் ஏறி உப்புப் பூத்துச்சு. சிமெண்ட் பூசினோம், இப்ப நாலடிக்கு ஏறிருச்சு. சுவருல துளை போட்டு மருந்து ஏத்தலாங்கிறாங்களே?

ஆச்சி, ஈரம் ஏறாமல் தடுக்கும் அந்த மருந்துக்கு முன்னால் சிமெண்டை எடுக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுத்தாலும் பூச்சு வழியாக ஆவியாக விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை மூடியதால்தான் ஈரம் மேலே வழி தேடிப் போயிருக்கிறது. ஈரக்கோட்டுக்கு மேலும் அரை மீட்டர் வரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, சில மாதம் காற்றாட விடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

இதற்கிடையே தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். வளவு முற்றத்துச் சாக்கடை அடைத்திருக்கலாம். தெருவுக்குத் தார் மேல் தார் போட்டு, வெளித்தரை உங்கள் வீட்டுத் தரைக்குச் சமமாக உயர்ந்திருக்கலாம். அதைச் சரி செய்யாமல் எதைப் பூசினாலும் நிற்காது. சுவர் உலர்ந்த பிறகு ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துப் பூசி, மேலே சுண்ணாம்பு அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம்.

ஈரமானி வாங்கினால் ஒரு எச்சரிக்கை. ஊசி வகைக் கருவியின் எண்கள் மரத்துக்காகக் குறிக்கப்பட்டவை, உப்பு இருந்தாலும் கூடுதலாகக் காட்டும். சுவரில் பத்து இடத்தைக் குறித்து, மாதம் ஒருமுறை அதே இடங்களில் அளந்து, எண் இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மருந்து ஏற்றுவது கடைசி வழி. கனத்த பழைய சுவரின் நடுவில் பொந்துகள் இருந்தால், மருந்து பரவாமல் அதற்குள் வடிந்துவிடும்.

சிங்கப்பூர், பங்காளிகளில் ஒருவர்: வீட்டை அளந்து வரைபடம் ஆக்கணும். டிரோனா, லேசர் ஸ்கேனா?

ஓட்டுக் கூரைக்கு டிரோன். உடைந்த ஓடும் அடைத்துக்கொண்ட தகர மழைநீர்க் கால்வாயும் மேலிருந்துதான் தெரியும். உள்ளே லேசர் ஸ்கேன். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீளும் வீட்டை டேப்பில் அறை அறையாக அளந்தால், சிறு பிழைகள் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் சுவர் பொருந்தாது. ஒவ்வொரு நிலைவாசலிலும் ஸ்கேனரை ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கத்து அறையும் ஒன்றோடொன்று சேரும். வரைபடத்தோடு ஸ்கேன் எடுத்த மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்கிவிடுங்கள், பின்னால் வேறொருவருக்கு அதுதான் பயன்படும்.

புதுவயல், மேஸ்திரி: ரெடிமிக்ஸ் லாரி வந்து சேரும்போதே கலவை இறுகிப்போகுது. தண்ணி விட்டா ஓடுது. விடலாமா?

கூடாது. தண்ணீர் விட்ட அளவுக்கு வலு போச்சு. லாரியோடு வரும் சீட்டில், கலவை ஏற்றிய நேரத்தைப் பாருங்கள். ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4926 சொல்வது 2 மணி நேரம், இறுகலைத் தள்ளிப்போடும் மருந்து சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் தரலாம். கோடையில் அந்த மருந்தை முன்கூட்டியே கேளுங்கள், வார்ப்பை விடியற்காலையில் வையுங்கள். 1000 சதுர அடி, 5 அங்குலத் தளத்துக்கு ஏறக்குறைய 12 கனமீட்டர் வேண்டும், உத்திரம் தனி. வார்த்த அன்றே அதே கலவையில் 15 செ.மீ. கனசதுரக் கட்டிகள் எடுத்து 7, 28 நாளில் வலுவைச் சோதியுங்கள். நம் ஊர் வெயிலுக்கு நீராற்றுவது சாதா சிமெண்டுக்கு 10 நாள், பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 14 நாள்.

பள்ளத்தூர், இளம் கொத்தனார்: டியூப் மட்டத்துக்குப் பதிலா லேசர் மட்டம் வாங்கினேன். நம்பலாமா?

கீழே விழுந்த ஒவ்வொரு முறையும் சோதியுங்கள் தம்பி. எதிரெதிர்ச் சுவர் இருக்கும் அறையில், முதல் சுவர் ஓரமாகக் கருவியை வைத்து இரண்டு சுவரிலும் கோடு குறியுங்கள். பிறகு இரண்டாம் சுவர் ஓரம் கொண்டுபோய், அங்கே உள்ள குறிக்குச் சரியாக உயர்த்தி, திருப்பி முதல் சுவரைப் பாருங்கள். பழைய குறிக்கும் புதுக் கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் அந்த அறை நீளத்துக்கான பிழை. நடுப்பகல் வெயிலில் பச்சைக் கோடும் தெரியாது, அப்போது லேசர் கோட்டைக் கண்டுபிடித்துக் காட்டும் உணர்கருவி வேண்டும். தூக்குக்குண்டைப் பையிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

ஆத்தங்குடி, வீட்டுக்காரர்: ஆத்தங்குடிக் கல்லுக்கு டைல் பசை, மெஷின் பாலிஷ் ரெண்டும் சரியா?

கையால் வார்க்கும் கல் என்பதால் கனம் கல்லுக்குக் கல் மாறும். மெல்லிய பசையில் அதைச் சமன் செய்ய முடியாது, சாந்துப் படுகையே நல்லது. நிறம் மேலே சில மி.மீ. கனம் மட்டுமே. மெஷின் வைத்து அரைத்தால் பூவே போய்விடும். ஆசிட் தொடவே கூடாது, அது சிமெண்டைத் தின்னும்.