பிரதியைப் புத்தகமாக்கி அனுப்பாதீர்கள்: பாடநூல் எழுதுவோர் கேட்ட கேள்விகள்

பாடநூல் எழுதிக்கொண்டிருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதிப்பகத்துக்கு வந்து சேரும் பிரதிகளை, அதாவது ஆசிரியர்கள் எழுதி அனுப்பும் மூலங்களை, பிரித்துப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. ஆகவே பதில்கள் மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து வருபவை.

என் வேதியியல் நூலை அச்சுக்குத் தயாரான நிலையில் வடிவமைத்தே அனுப்பினேன். இரண்டு பத்தி, வண்ணப் பெட்டிகள், தலைப்புக்குத் தனி எழுத்துரு. "சாதாரண வேர்டு ஃபைலாக அனுப்புங்கள்" என்று பதிப்பகம் திருப்பிவிட்டது. இரண்டு மாத உழைப்பு வீணா?

வடிவமைப்பில் போட்ட உழைப்பு வீண்தான். ஏனென்றால் அவர்கள் செய்யும் முதல் வேலையே அதை அழிப்பதுதான். பக்கம் அமைப்பவர் உங்கள் ஃபைலை அப்படியே அச்சுக்கு அனுப்புவதில்லை. எழுத்தை மட்டும் உருவியெடுத்து, இன்டிசைன் போன்ற மென்பொருளுக்குள் கொண்டுபோய்ப் புதிதாக அமைக்கிறார். நீங்கள் மிதக்கவிட்ட பெட்டிகள் அங்கே போகும்போது இடம் மாறிவிடும். சில சமயம் காணாமலும் போகும்.

ஒரு பிரதி நினைவுக்கு வருகிறது. துணைத்தலைப்புகள் எல்லாம் கச்சிதமாக நடுவில் நின்றன. எப்படி நிறுத்தினார் என்று பார்த்தால், ஸ்பேஸ்பாரைத் தட்டித் தட்டி! ஒரு தலைப்புக்கு முன்னால் எண்ணிப் பார்த்தேன், 41 இடைவெளி. அடுத்த பக்கத்துக்குப் போக வரிசையாக எண்டர். எழுத்தின் அளவை மாற்றியதும் தலைப்புகள் ஆளுக்கொரு பக்கம் ஓடின. அவற்றைத் துரத்திப் பிடித்து நிறுத்தவே ஒரு முழுநாள் போயிற்று.

நீங்கள் சொல்ல வேண்டியது, இது அத்தியாயத் தலைப்பு, இது துணைத்தலைப்பு, இது எடுத்துக்காட்டுக் கணக்கு, இது பெட்டிச் செய்தி என்பதை மட்டும். அது என்ன நிறத்தில், எந்த அளவில் தெரிய வேண்டும் என்பது அவர்கள் பாடு. வேர்டில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்ற ஸ்டைல்கள் இதற்காகவே இருக்கின்றன. பெட்டிச் செய்திக்கு முன்னால் 'பெட்டி தொடக்கம்', பின்னால் 'பெட்டி முடிவு' என்று சதுர அடைப்புக்குள் தனிவரியாக எழுதினால் போதும். துணைத்தலைப்பு மூன்று நிலையோடு நிற்கட்டும். 4.2.3.1.2 என்றெல்லாம் எண் ஓடினால், எந்தப் பிரிவுக்குள் இருக்கிறோம் என்பதே படிக்கிற பிள்ளைக்கு மறந்துவிடும்.

மற்றபடி 12 புள்ளி எழுத்து, இரட்டை வரி இடைவெளி, சுற்றிலும் ஓர் அங்குல விளிம்பு, அத்தியாயத்துக்கு ஒரு ஃபைல். பதிப்பகம் தன் விதிகளை எழுதித் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள், நான் சொல்வதை விட்டுவிடலாம். எழுத்துரு மட்டும் கட்டாயம் யூனிகோடாக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக்க மாற்றி மென்பொருளில் போட்டால், நடுவே இருக்கும் ஆங்கில எழுத்துகளையும் வேதியியல் வாய்பாடுகளையும் சேர்த்தே தமிழாக்கித் தொலைக்கும்.

முழு நூலையும் எழுதி முடித்த பிறகுதான் பதிப்பகத்தை அணுக வேண்டுமா?

வேண்டாம். ஒரு முன்மொழிவும் இரண்டு மாதிரி அத்தியாயங்களும் போதும். முன்மொழிவில் இருக்க வேண்டியவை: எந்த நிலை மாணவர்களுக்கு, எந்தப் பாடத்திட்டத்துக்கு, விரிவான பொருளடக்கம், தோராயமான பக்கம், எத்தனை படங்கள், எப்போது முடிப்பீர்கள். இதே பாடத்துக்கு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள நூல்களிலிருந்து உங்களுடையது எங்கே வேறுபடுகிறது என்றும் எழுதுங்கள். "இப்படியொரு நூல் இதுவரை வந்ததே இல்லை" என்ற வரி மட்டும் வேண்டாம். பதிப்பாசிரியரின் அலமாரியிலேயே அப்படி நாலைந்து இருக்கும்.

மாதிரியாக முதல் அத்தியாயத்தை அனுப்புகிறவர்கள்தான் அதிகம். முன்னுரை போல வழுக்கிக்கொண்டு போகும் அந்த அத்தியாயத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் பாடம் எதுவோ, அதை அனுப்புங்கள். உங்களால் கற்பிக்க முடியுமா என்பது அங்கேதான் தெரியும்.

இணையத்திலிருந்து எடுத்த படங்களுக்குக் கீழே "நன்றி: இணையம்" என்று போட்டுவிட்டேன். போதும்தானே?

போதாது. நன்றி சொல்வது மரியாதை, அனுமதி வேறு விஷயம். அப்புறம், இணையம் என்று ஒருவர் இல்லை. அந்தப் படத்தை யாரோ எடுத்திருக்கிறார், வரைந்திருக்கிறார். பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தப்படி படைப்பாளி இறந்து குறைந்தது 50 ஆண்டுகளுக்கு எழுத்தும் ஓவியமும் அவருடைய வாரிசுகளுக்குச் சொந்தம். பல நாடுகளில் அது 60, 70 ஆண்டுகள். ஒளிப்படங்களுக்குக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். வகுப்பில் காட்டுவதற்குச் சட்டம் தரும் சலுகை, விற்பனைக்கு வரும் நூலுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

படைப்பாளியே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது என்றால், எந்தக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று பாருங்கள். 'வணிகமற்ற பயன்பாடு' என்ற நிபந்தனை இருந்தால் விற்கிற நூலில் போட முடியாது. 'மாற்றக்கூடாது' என்றிருந்தால் படத்திலுள்ள சொற்களைத் தமிழாக்கிப் போடுவதுகூடச் சிக்கல்தான். "நானே திரும்ப வரைந்துவிட்டேன்" என்பதும் பாதிப் பதில். ஒரு வரைபடத்தில் உள்ள தகவல் பொதுவாக யாருக்கும் தனிச்சொத்து ஆகாது, ஆனால் அதை அமைத்த விதம் ஒருவருடையது. நிறத்தை மட்டும் மாற்றிப் பிரதியெடுத்தால் அது இன்னும் அவருடைய படம்தான். தகவலை எடுத்துக்கொண்டு உங்கள் பாடத்துக்கு வேண்டியபடி முதலிலிருந்து யோசித்து வரையுங்கள். பெரும்பாலும் அதுதான் நன்றாகவும் வரும்.

அனுமதி கேட்கும்போது அச்சு, மின்னூல், அடுத்தடுத்த பதிப்புகள், எந்தெந்த நாடுகள் என எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் எழுதத் தொடங்கும்போதே கேட்கத் தொடங்குங்கள். படத்தின் எண், உரிமையாளர், கேட்ட தேதி, பதில் என்று ஓர் அட்டவணை வைத்து, பிரதியோடு அதையும் அனுப்புங்கள்.

இன்னொன்று, தரம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் 600 பிக்சல் அகலப் படம், தாளில் 2 அங்குலம்தான் வரும். பெரிதாக இழுத்தால் பூச்சி அரித்த மாதிரி ஆகிவிடும். படத்தை வேர்டுக்குள் ஒட்டி அனுப்புவதும் தப்பு, சேமிக்கும்போது வேர்டு அதைச் சுருக்கிவிடும். ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக, 'படம்-03-02' என்பது போலப் பெயரிட்டு அனுப்புங்கள். பிரதிக்குள் அந்த இடத்தில் 'படம் 3.2 இங்கே' என்று மட்டும் குறியுங்கள். 'மேலே உள்ள படத்தில்' என்று எழுதவே எழுதாதீர்கள். பக்கம் அமைக்கும்போது அந்தப் படம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். நூல் கறுப்பு-வெள்ளையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 'சிவப்புக் கோடு வெப்பநிலை, பச்சைக் கோடு அழுத்தம்' என்று நீங்கள் எழுதியிருக்க, அச்சில் இரண்டுமே ஒரே சாம்பலாக நிற்கும்.

கணிதச் சமன்பாடுகளைப் படமாக எடுத்து ஒட்டலாமா?

கூடாது. ஒரு குறி தவறாக இருந்தாலும் திருத்த முடியாது. வேர்டின் சமன்பாட்டுக் கருவி அல்லது மேத்டைப் என்ற சமன்பாட்டு மென்பொருள் போதும். கணிதம் நிறைய இருந்தால் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் நல்லது, ஆனால் பதிப்பகம் அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். (லேடெக்குக்கு அடிப்படையான டெக் பிறந்த கதை இந்தத் தொழிலுக்குப் பொருத்தமானது. டொனால்டு குனூத் என்ற கணினி அறிஞர் 1977-ல் தன் நூலின் மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்க வந்த படியை, பார்த்து நொந்துபோய், அச்சுக்கோப்புக்குத் தானே ஒரு மென்பொருள் எழுத உட்கார்ந்தார்.) கழித்தல் குறிக்குப் பதில் சிறுகோடும், பெருக்கல் குறிக்குப் பதில் ஆங்கில எழுத்தும் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும்.

ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று கலைச்சொற்கள் இருக்கின்றன. எதை எடுத்துக்கொள்வது?

எதை எடுத்தாலும் கடைசி வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்பச் சொன்னால் அலுக்கும் என்று மாற்றி மாற்றி எழுதப் பழகியிருப்போம். பாடநூலில் அந்தப் பழக்கம் ஆபத்து. சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்றே மாணவர் எடுத்துக்கொள்வார். ஒரு பாடநூல் மரபில் திசையோடு கூடியது திசைவேகம், திசையில்லாதது வேகம். இன்னொரு மரபில் திசையோடு கூடியதுதான் வேகம், திசையில்லாததற்குப் பெயர் கதி. மூன்றாம் அத்தியாயத்தை ஒரு மரபிலும் ஐந்தாம் அத்தியாயத்தை இன்னொன்றிலும் எழுதினால், கணக்கு சரியாக இருந்தும் பாடம் தப்பாகிவிடும்.

எழுதத் தொடங்கிய நாளிலிருந்தே தனித்தாள் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சொல், எந்த எழுத்துக்கூட்டல் (ஹைட்ரஜனா, ஐதரசனா), எண்ணை எப்படி எழுதுவது எல்லாம் அதில் ஏறட்டும். பிரதியோடு அந்தத் தாளையும் அனுப்பினால், உங்கள் 'ஐதரசன்'களை எல்லாம் பிரதியைத் திருத்துபவர் 'ஹைட்ரஜன்' ஆக்கி, நீங்கள் திரும்ப மாற்றும் கூத்து நடக்காது.

பயிற்சி வினாக்களைக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாமா?

பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். களைத்துப்போன நேரத்தில் எழுதியவை என்பது படித்ததுமே தெரிந்துவிடும்: எல்லாமே 'வரையறு', 'குறிப்பு வரைக'. அத்தியாயத்தின் தொடக்கத்தில் 'மாணவர்கள் ஒப்பிட்டு ஆராய்வர்' என்று நோக்கம் எழுதியிருக்கும், கடைசியில் ஒப்பிடச் சொல்லி ஒரு வினாகூட இருக்காது. கற்றல் நோக்கங்களை எளியதிலிருந்து கடினமானது வரை அடுக்கும், 1956-ல் வந்த புளூமின் வகைப்பாடு ஆசிரியப் பயிற்சியில் எல்லோரும் படித்ததுதான். அதை இங்கே எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோக்கத்துக்கும் எதிரே எந்த வினா அதைச் சோதிக்கிறது என்று எண் போடுங்கள். எண் கிடைக்காவிட்டால் நோக்கத்தை எடுங்கள், இல்லையேல் வினாவை எழுதுங்கள்.

விடைகளில்தான் மானம் போகும். 'நீளம் 12 மீட்டர், அகலம் 8 மீட்டர், பரப்பளவு காண்க' என்று ஒரு கணக்கு. மதிப்பாய்வாளர் வேறு எண் போடச் சொன்னதால் ஆசிரியர் நீளத்தை 15 ஆக்கினார். விடைப்பகுதி இருந்ததோ வேறொரு ஃபைலில். அங்கே 96 அப்படியே நின்றது. அதைப் பிடிக்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன். 120 என்று சரியாகப் போட்ட பிள்ளைகள் விடையைப் பார்த்துவிட்டு அடித்துத் திருத்திக்கொண்டார்கள் என்று பின்னால் ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். அன்றிலிருந்து நான் சொல்வது: எழுதும் காலம் முழுக்க விடை வினாவின் கீழேயே இருக்கட்டும், அனுப்பும் நாளில் பிரித்துக்கொள்ளலாம். அனுப்புமுன், நூலை எழுதாத ஒருவர் வெற்றுத்தாளில் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கட்டும். இன்னும் நடத்தாத பாடத்தைக் கேட்கும் வினாக்களும் அப்போதுதான் மாட்டும்.

மூன்று பேர் சேர்ந்து எழுதுகிறோம். ஃபைல்கள் குழம்பிக் கிடக்கின்றன.

ஒருவர் மட்டும் காவலாளியாக இருங்கள். கடைசிப் படி அவரிடம்தான் இருக்கும், பதிப்பகத்தோடு பேசுவதும் அவர்தான். பெயரில் 'இறுதி' என்ற சொல்லே வேண்டாம், 'அத்தியாயம்05-படி3' என்று எண் போதும். ஒருவர் திருத்தும்போது அந்த அத்தியாயத்தை மற்றவர்கள் தொடக்கூடாது. அனுப்புமுன் ட்ராக் சேஞ்சஸ் (வேர்டு குறித்துவைக்கும் திருத்தங்கள்) எல்லாவற்றையும் ஏற்றோ தள்ளியோ முடித்து, ஓரக் குறிப்புகளை நீக்கிவிடுங்கள். சக ஆசிரியரைப் பற்றி நீங்கள் ஓரத்தில் எழுதிய ஒன்றை நான் படித்துச் சிரிக்க வேண்டாமே.

ஏஐ கருவியை வைத்து எழுதினால் சொல்ல வேண்டுமா?

ஒப்பந்தத்தைப் பாருங்கள். பல பதிப்பகங்கள் எங்கே, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதித் தரச் சொல்கின்றன. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது. அது தரும் மேற்கோள் நூல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், இல்லாத நூலையும் இருப்பதுபோல அழகாகச் சொல்லும். பிழைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

நூலுக்கான தனி அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை நான் வாங்க வேண்டுமா? எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் சொல்லடைவு இப்போதே தயாரிக்க வேண்டுமா?

ஐஎஸ்பிஎன் பதிப்பகத்தின் வேலை. சொல்லடைவுக்குப் பக்க எண் வேண்டும், பக்கம் அமைத்த பிறகுதான் அது கிடைக்கும். இப்போதைக்கு எந்தெந்தச் சொற்கள் அதில் வர வேண்டும் என்று பட்டியல் மட்டும் வைத்திருங்கள்.

மெய்ப்பு வந்துவிட்டது. படிக்கும்போது இன்னொரு நல்ல எடுத்துக்காட்டு தோன்றுகிறது. ஒரு பத்தி சேர்க்கலாமா?

எல்லோருக்கும் அப்போதுதான் தோன்றும்! ஆனால் ஒரு பத்தி சேர்த்தால் அந்தப் பக்கத்தின் கடைசி வரிகள் அடுத்த பக்கத்துக்குப் போகும், அங்கிருக்கும் படம் அதற்கடுத்த பக்கத்துக்கு நகரும், சொல்லடைவில் எண்கள் தப்பாகும். புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக, அதாவது ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் கட்டுகளாக, அச்சாவதால், ஒரு பக்கம் கூடியது இன்னொரு ஃபாரத்தில் போய் முடியலாம். பல ஒப்பந்தங்களில், மெய்ப்பு நிலையில் ஆசிரியர் செய்யும் மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால் செலவு அவர் கணக்கில்தான். உண்மைப் பிழையைத் தயங்காமல் திருத்துங்கள். ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டுமென்றால் அதே பக்கத்தில் ஒரு வரியைக் குறையுங்கள். அந்த எடுத்துக்காட்டை 'இரண்டாம் பதிப்பு' என்று ஒரு ஃபைல் திறந்து அதில் போட்டு வையுங்கள்.