பின்லாந்தும் ரஷ்யாவும் எத்தனை முறை போரிட்டன?

கேட்பவர்கள் பெரும்பாலும் 1939-ஐ மனதில் வைத்தே கேட்கிறார்கள். ஆனால் கதை அதற்கும் வெகு முந்தையது. 1809 வரை பின்லாந்து சுவீடன் அரசின் ஒரு பகுதி. சுவீடனும் ரஷ்யாவும் மோதியபோதெல்லாம் மிதிபட்டது பின்லாந்து மண்தான். 1714 முதல் 1721 வரை நீடித்த ரஷ்ய ஆக்கிரமிப்பை அந்த மக்கள் இன்றும் ‘பெருஞ்சினம்’ என்றே நினைவுகூர்கிறார்கள். 1809-இல் நாடு ஜார் மன்னரின் கைக்குப் போனது. 1917-இல் விடுதலை அடைந்தது.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் எல்லை தாண்டின. 105 நாள் நடந்த இந்தக் குளிர்காலப் போரில் ராத்தே சாலைச் சண்டையை அவசியம் படியுங்கள். காட்டுக்குள் ஒரே ஒரு குறுகலான சாலை. அதில் சோவியத்தின் 44-வது டிவிஷன் மைல் கணக்கில் நீண்டு நின்றது. வெண்ணிற மேலாடை அணிந்து பனிச்சறுக்கில் வந்த பின்லாந்து வீரர்கள் அந்த வரிசையைத் துண்டு துண்டாக வெட்டி, சமையல் வண்டிகளையும் தேடித் தாக்கினார்கள். கடுங்குளிரில் சூடான உணவு இல்லாத படை எத்தனை நாள் தாங்கும்?

ஆனாலும் போரின் முடிவில் தென்கிழக்கு எல்லைப் பகுதியான கரேலியாவின் பெரும்பகுதி பறிபோனது. சுமார் 4 லட்சம் பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். என்னைப் பொறுத்தவரை இதுவே அந்தப் போரின் ஆறாத காயம். அதை மீட்கவே 1941-இல் ஜெர்மனியோடு சேர்ந்து பின்லாந்து மீண்டும் போரிட்டது. அந்தக் கூட்டை வெறும் தற்காப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய எல்லையையும் தாண்டி அதன் படைகள் முன்னேறின. 1944-இல் தோற்றபோது கரேலியாவோடு வடகோடியில் இருந்த பெத்சமோ பகுதியும் போயிற்று.