பங்கு முனைமத்தில் 620 கோடி இருந்தும் டிவிடெண்ட் இல்லையா?

கேள்வி: ஐபிஓவில் 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 320 ரூபாய்க்கு வாங்கினேன். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பங்கு முனைமம் (முகமதிப்புக்கு மேல் வசூலித்த தொகை, பிரீமியம்) 620 கோடி, குவிந்த நட்டம் 140 கோடி. டிவிடெண்ட் தருவதே இல்லை. இப்போது நட்டத்தை முனைமத்தில் கழிக்க ஒப்புதல் கேட்டு அஞ்சல் வாக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. எங்கள் பணத்தைக் கரைக்கிறார்களா? முனைமத்திலிருந்து டிவிடெண்ட் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கு நிற்காது. நீங்கள் கொடுத்த 320 ரூபாயில் 10 ரூபாய் பங்கு மூலதனத்திலும் 310 ரூபாய் முனைமத்திலும் வரவாகியிருக்கும். 2 கோடிப் புதிய பங்குகள் விற்றிருந்தால் முனைமம் 620 கோடி. இது வியாபாரத்தில் வந்த லாபம் அல்ல, பங்குதாரர்கள் போட்ட முதல். நிறுவனங்கள் சட்டம், 2013இன் 123ஆம் பிரிவுப்படி டிவிடெண்ட் லாபத்திலிருந்துதான் வர வேண்டும். முனைமத்தை எதற்குத் தொடலாம் என்பதை 52ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது: போனஸ் பங்கு, பங்கு வெளியீட்டுச் செலவு, பங்குகளைத் திரும்ப வாங்குவது போன்ற சில மட்டுமே. டிவிடெண்ட் அந்தப் பட்டியலில் கிடையாது.

620 கோடி ரொக்கமாக வங்கியில் கிடப்பதாகவும் நினைக்காதீர்கள். அது இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் நிற்கும் எண். பணம் இயந்திரமாகவோ, அடைத்த கடனாகவோ எப்போதோ மாறியிருக்கும். (ஐபிஓவில் பழைய பங்குதாரர்கள் தங்கள் பங்கை விற்ற பகுதியின் பணம் நிறுவனத்துக்கு வரவே வராது. சந்தையில் பிறரிடம் வாங்கும் பங்குக்கும் அப்படித்தான்.)

இப்போது அறிவிப்புக்கு வருவோம். நட்டத்தைக் கழிப்பது அந்தப் பட்டியலில் இல்லை என்பதால் அதை மூலதனக் குறைப்பாகவே சட்டம் நடத்துகிறது. 66ஆம் பிரிவின்படி சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அதன்பின் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உறுதிசெய்ய வேண்டும். கடன் கொடுத்தவர்களுக்கும், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபிக்கும் அறிவிப்பு போகும். கருத்துச் சொல்ல மூன்று மாத அவகாசம் உண்டு.

உங்கள் பணம் கரையாது. இன்று 620 கோடி முனைமம், 140 கோடி நட்டம்; நிகரம் 480 கோடி. கழித்த பின் முனைமம் 480 கோடி, நட்டம் இல்லை. நிகர மதிப்பு அதேதான். உங்கள் பங்குகளின் எண்ணிக்கையும் முகமதிப்பும் மாறாது. உங்களுக்கு ஆதாயமே உண்டு: பழைய நட்டத்தை ஈடுகட்டாமல் டிவிடெண்ட் அறிவிக்க முடியாது என்று 123ஆம் பிரிவு தடுக்கிறது. நட்டம் நீங்கிவிட்டால் அடுத்த ஆண்டு லாபம் வரும்போது அந்தத் தடை இருக்காது.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாக்களிக்க வேண்டாம். அறிவிப்போடு வரும் விளக்க அறிக்கையில் மூன்றைப் பாருங்கள். கழிக்கும் தொகை கடைசியாகத் தணிக்கையான கணக்கிலுள்ள நட்டத்தைத் தாண்டக் கூடாது. யாருக்கும் பணம் திருப்பித் தரப்படாது, பங்கு எதுவும் ரத்தாகாது என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். சிலருடைய பங்கை மட்டும் ரத்து செய்கிறார்கள் என்றால் விஷயமே வேறு, எதிர்த்து வாக்களியுங்கள். பொதுமக்களிடம் வாங்கிய வைப்புத்தொகையில் அசலோ வட்டியோ பாக்கி இருந்தால் இந்தக் குறைப்பே செல்லாது.

இந்த மூன்றும் சரியென்றால் ஆதரவாக வாக்களிக்கலாம். அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 30 நாள்தான் அவகாசம். அஞ்சல் வாக்குக்கான இ-வோட்டிங் (இணையவழி வாக்களிப்பு) முடியும் தேதியும் நேரமும் அறிவிப்பிலேயே இருக்கும்.