மணல் நின்ற ஊருக்கு யார் காசு தருவார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்ற முகாமையாளர் கிளிநொச்சியிலிருந்து பதில் தருகிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் ஊரில் நாற்பது குடும்பம் ஆற்று மணலை நம்பித்தான் இருந்தது. இப்போது அனுமதிப்பத்திரம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பொடியன்களுக்கு வேலை இல்லை. அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கம் மூடிய ஊர்களில் பொதுமக்களிடம் இணையத்தில் காசு திரட்டி தேனீ வளர்ப்பு, சூரிய மின்சாரம் என்று புதுத் தொழில் தொடங்கியதாக ஒரு காணொளியில் பார்த்தேன். நாங்களும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் ஊர்ச் சனத்திடம் இப்படிக் கேட்கலாமா? கச்சான் வறுத்துப் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றை யோசித்திருக்கிறோம்.
– கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம் தம்பி. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நாற்பது குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்பதும் எவ்வளவு போடப் போகின்றன என்று எழுதவில்லை. நான் அங்கேதான் தொடங்குவேன்.

தெற்கு வேல்ஸில் ஹிர்வான் என்ற ஊருக்குப் பக்கத்தில் டவர் கொலியரி என்றொரு நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. இலாபம் இல்லை என்று சொல்லி 1994இல் அதை மூடினார்கள். வேலை போனவர்களுக்கு ஒரு தொகை இழப்பீடு கிடைத்தது. அதிலிருந்து 239 பேர் ஆளுக்கு 8,000 பவுண் எடுத்து ஒன்றாகப் போட்டார்கள். பெருக்கிப் பாருங்கள், இருபது லட்சம் பவுணுக்குக் கிட்ட வரும். அந்தச் சுரங்கத்தைத் தாங்களே வாங்கி 1995 ஜனவரியில் திறந்து, நிலக்கரி தீரும்வரை, 2008 வரை நடத்தினார்கள். இலாபம் இல்லை என்று மூடிய அதே சுரங்கம்தான்! வெளியில் போய்க் கை நீட்ட முன்னர் அவர்கள் தங்கள் பையைத் திறந்தார்கள். அதனால் மற்றவர்களும் நம்பினார்கள்.

உங்கள் ஊரில் ஆளுக்கு எட்டாயிரம் பவுண் இல்லை, தெரியும். குடும்பத்துக்கு 5,000 ரூபா போட்டால் இரண்டு லட்சம் ரூபா. அதையும் ஒரேயடியாகப் போட வேண்டாம், மாதம் ஆயிரமாக ஐந்து மாதம் போடலாம். உங்கள் ஊர்ப் பெண்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள்தானே? அந்தச் சீட்டில் ஒரு சதம் பிசகுவதில்லை. யார் கட்டினார், யாருக்குக் கழிவு என்று கொப்பியைப் பார்க்காமலே சொல்வார்கள். அப்படிப்பட்ட ஒருத்தியைப் பொருளாளராக்குங்கள். கனடாவில் இருக்கிறவருக்கு நீங்கள் முதலில் அனுப்ப வேண்டியது அந்த ஐந்து மாதக் கொப்பியின் படம். தொழிற்சாலையின் வரைபடம் பிறகு போகட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு காலத்தில் நானே பொருளாளராக இருந்து பட்டிருக்கிறேன். மீள்குடியேறிய புதிதில், 2013இல், வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய காசில் ஒரு மாவரைக்கும் ஆலை போட்டோம். கட்டடம் கட்டி, கொடுத்தவர்களின் பெயரைக் கல்வெட்டில் வெட்டி, ரிப்பன் வெட்டிப் படமும் எடுத்தாயிற்று. எங்கள் ஒழுங்கைக்கு மூன்று பேஸ் கரண்ட் வரவில்லை. கேட்டுக் கேட்டு அலைந்தோம். பதினான்கு மாதம் அந்த மெசின் பொலித்தீன் போர்த்தபடி நின்றது. கரண்ட் வந்தபோது அதில் பழகிய இரண்டு பிள்ளைகளும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் யாருடைய காசும் அதில் இருக்கவில்லை. அதனால் மெசின் நின்றபோது யாருக்கும் நெஞ்சு பதறவில்லை. லண்டனிலிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் எனக்குத்தான் கை நடுங்கும். அந்த நடுக்கம் உங்கள் பொருளாளருக்கு வரக்கூடாது.

காணொளியில் பார்த்த தேனீக் கதைக்கு வருகிறேன். மேற்கு வெர்ஜீனியாவில் அப்படி ஒரு கூட்டு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதன் முதல் பணம் இணையத்தில் பத்துப் பத்து டொலராகச் சேர்ந்தது அல்ல. நிலக்கரி நிறுவனம் ஒன்றின் மேல் போட்ட சுற்றுச்சூழல் வழக்கின் தீர்வில் வந்த பணம். அங்கே எனக்குப் பிடித்தது வேறொன்று. அவர்கள் தேனீ வளர்க்கப் பழக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடவில்லை. வளர்த்தவர்களின் தேனைத் தாங்களே பிழிந்து, போத்தலில் அடைத்து, விற்றும் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் எத்தனை சுயதொழில் பயிற்சி நடந்திருக்கிறது, எத்தனை தையல் மெசின் கொடுத்திருக்கிறார்கள்! தைத்ததை யார் வாங்குவது என்று கேட்ட திட்டங்களை விரல் விட்டு எண்ணலாம்.

இன்னொன்றும் அங்கிருந்து எடுக்கலாம். அதே மேற்கு வெர்ஜீனியாவில் 2010இல் தொடங்கிய கோல்ஃபீல்ட் டெவலப்மென்ட் என்ற அமைப்பு, வேலை இழந்த சுரங்கக் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 33, 6, 3. கிழமைக்கு 33 மணித்தியாலம் சம்பளத்துடன் வேலை, கல்லூரியில் 6 அலகு படிப்பு, மூன்று மணித்தியாலம் குடும்பம், கடன், உடம்பு என்று சொந்த வாழ்க்கையைச் சீர்செய்வது. பழகும் காலத்திலும் அடுப்பு எரிகிறது. நம் ஆட்கள் காசு கேட்கும்போது மெசினுக்குக் கேட்பார்கள், கட்டடத்துக்குக் கேட்பார்கள். பழகும் மூன்று மாதத்துக்குச் சோற்றுக்கு என்று யாரும் கேட்பதில்லை. தம்பி, நீங்கள் அதைக் கேளுங்கள். வெட்கப்படாமல் பட்டியலின் முதல் வரியிலேயே போடுங்கள். அன்றாடம் கூலி எடுத்த பொடியன் மூன்று மாதம் வெறுங்கையோடு பயிற்சிக்கு வரமாட்டான். இரவில் ஆற்றுக்குத்தான் போவான்.

அதோடு லீசிங். ஊரில் எத்தனை ட்ரக்டர் லீசிங்கில் நிற்கிறது, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், பெண்கள் பேரில் எத்தனை நுண்கடன் என்று முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சுரங்க ஊர்களில் கம்பனி தன் சொந்தக் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளைச் சம்பளமாகக் கொடுத்ததாம். எவ்வளவு வெட்டினாலும் கடையில் கடன் நிற்கும். மணல் முதலாளியிடம் முற்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. கடனை எழுதி வைக்காமல் தொடங்கினால் வருகிற உதவிக் காசு முழுவதும் அந்த ஓட்டையால் போய்விடும். ட்ரக்டர்களைச் சொத்துப் பக்கத்திலும் எழுதுங்கள். வயல் உழவும், நெல்லும் கச்சானும் ஏற்றி இறக்கவும் அவை வேண்டும்.

சரி, இணையத்தில் திரட்டுவது. கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளத்தில் இலக்குத் தொகை சேராவிட்டால் ஒரு சதமும் கைக்கு வராது. சேர்ந்தாலும் தளம் ஐந்து வீதமும், பணம் கைமாறும் செலவுக்கு இன்னும் சில வீதமும் கழித்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், அதையோ கோஃபண்ட்மியையோ இலங்கையில் இருந்து நீங்கள் தொடங்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் தன் பெயரில் தொடங்கி, தன் வங்கிக் கணக்கில் வாங்கி அனுப்ப வேண்டும். நல்ல மனிதர்தான், ஆனாலும் ஒரு தனி ஆளின் கணக்கில் ஊர்க்காசு கிடக்கக்கூடாது. அங்கே ஊர்ச்சங்கம் பதிவாகியிருந்தால் அதன் கணக்கில் வரட்டும். இங்கே உங்கள் சங்கத்தின் கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும், ஒன்று கட்டாயம் பெண்ணுடையதாக. பங்கு, இலாபம் என்று வளரும்போது கூட்டுறவுச் சங்கமாகப் பதியுங்கள். வருடா வருடம் வெளியார் வந்து கணக்குப் பார்ப்பார்கள். முப்பத்தொரு வருடம் அந்தக் கணக்காய்வுக்குப் பயந்து வேலை செய்தவள் சொல்கிறேன், அந்தப் பயம் நல்லது.

கச்சானை நான் ஆமோதிக்கிறேன். ஆனால் தொழிற்சாலை வேண்டாம், இப்போது வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காத வாகனம் ஏ9 வீதியில் உண்டா? இறங்கித் தேங்காய் உடைத்தவர் கச்சான் வாங்காமல் ஏறுவதில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிற சனத்தையும் நினையுங்கள். இரண்டு பெரிய தாச்சி, நல்ல தராசு, பொதி ஒட்டும் சின்ன மெசின், இவை இரண்டு லட்சத்துக்குள் வைத்துத் தொடங்கக்கூடியவை. விலைமனு மூன்று இடத்தில் எடுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: காய்ச்சல் போதாத கச்சானில் பூஞ்சணம் பிடிக்கும், அதில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். ஐரோப்பாவில் அதற்குக் கடுமையான அளவு வைத்திருக்கிறார்கள். லண்டன் கடைக்கு அனுப்பும் கனவு இருந்தால் முதல் பெரிய செலவு நல்ல உலர்களமும் ஈரமானியும்தான். வெளிநாட்டுக் காசை அதற்குக் கேளுங்கள், கட்டாயம் தருவார்கள். கச்சான் வறுக்கத் தாச்சியில் போட நாலு வாளி மணல் போதும், அதை ஆறு தாங்கும்.

என் மாமா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். உப்பிலிருந்து கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம். சுற்றியிருந்த கடை, சைக்கிள் திருத்துமிடம், சாப்பாட்டுக் கடை எல்லாம் அந்தச் சம்பள நாளை நம்பி நின்றன. 1985இல் போரோடு அது நின்றபோது எல்லாம் சேர்ந்து நின்றன. ஆகவே கச்சான் நன்றாகப் போனாலும், மூன்றாம் வருடம் இரண்டாவதாக ஒன்றைத் தொடங்குங்கள். பனை உங்களிடம் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் அனுப்பிய காசுக்குக் கணக்குக் கேட்டால் ஊரில் கோபிக்கிறார்கள். கேட்பது பிழையா?
– முள்ளியவளையைச் சேர்ந்த வாசகர், கனடா

பதில்: பிழையே இல்லை. இரண்டு வேலை பார்த்துச் சேர்த்த காசு அது. ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது தம்பி. நீங்கள் தலைவரிடம் ஒருமுறை, மச்சானிடம் ஒருமுறை, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒருமுறை கேட்டால் ஊரில் மூன்று சண்டை வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவும் வங்கிப் புத்தகத்தின் படமும் வேண்டும் என்று காசு அனுப்ப முதலே எழுத்தில் பேசி, சங்கத்திடம் மட்டும் கேளுங்கள். நட்டம் வந்தால் நட்டம் என்று எழுத அவர்களுக்கு இடம் கொடுங்கள். கோபிப்பார்களோ என்று பயந்துதான் பல இடத்தில் பொய்க் கணக்கு எழுதுகிறார்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கணவனை இழந்த பெண் கை நீட்டிப் பொதி வாங்கும் படத்தைக் கேட்காதீர்கள். அதைப் போட்டால் காசு வேகமாகச் சேரும் என்பது எனக்கும் தெரியும். அவளுடைய மகள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தைத் தன் தோழியின் தொலைபேசியில் பார்க்கிறாள்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இரவில் மணலுக்குப் போகிறான். பொலிஸ் பிடிக்குமோ, ட்ரக்டர் பெட்டி பிரளுமோ என்று விடியும்வரை முழித்திருக்கிறேன். ஏசினால் கேட்கிறான் இல்லை. இவனை வேறு எதில் விடுவது?
– ஒரு தாய்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதமும் மேலே உள்ள முதல் கடிதமும் ஒரே ஆற்றங்கரையிலிருந்து வந்தவை என்று நினைக்கிறேன். அவனுக்கு என்ஜின் தெரியும், இருட்டில் பாரம் ஏற்றத் தெரியும், பாதை தெரியும். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல விடாதீர்கள். கென்டக்கியில் பைக்வில் என்ற சுரங்க நகரத்தில் 2015 அளவில் கணினி நிரல் எழுத ஆள் தேடியபோது, சுரங்கத்தில் நின்றவர்களுக்கு இது வருமா என்று கேட்டார்கள். வந்தது. ஆனால் 900 பேருக்கு மேல் விண்ணப்பித்து எடுபட்டது பத்துப் பேர் அளவில்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு தொழில் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்காது. அவனை எதில் விடுவது என்று நீங்கள் தனியே முடிவெடுக்க வேண்டாம்.

அந்தச் சங்கத்தின் முதல் கூட்டம் ஒரு ஞாயிறு பின்னேரம் நடக்கும். கூட்டத்துக்கு வா என்றால் வரமாட்டான். கோயில் மண்டபத்திலிருந்து கதிரைகள் ஏற்றி வர ஒரு பெட்டி வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.