பேர்பேராக

அன்புள்ள ஐயா,

பதினான்கு வருடம் எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி எடுத்தேன். போன வருடம் நிவாரணத்துக்கென்று சேர்த்த பணத்தின் கணக்கைச் சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டேன், மரியாதையாகத்தான் கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்ற வசனம் வந்தது. பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். மறுமாதம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எட்டு மாதமாக ஆராதனைக்குப் போகவில்லை. இணையத்தில் என்னைப் போலச் சபையில் அடிபட்டவர்கள் முப்பது பேர் சேர்ந்த ஒரு குழு கிடைத்திருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிக்கிறோம். சில இரவுகளில் பழைய போதகர்களின் பிரசங்கத் துண்டுகளைப் போட்டு அதைப் பேசிக்கொண்டே நேரம் போய்விடும். அங்கே யாருக்கும் என் உண்மையான பெயர் தெரியாது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. அம்மா என்னைப் பின்மாற்றக்காரி, அதாவது விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கினவள் என்கிறார், வாரம் தவறாமல் எபிரெயர் 10:25-ஐ அனுப்புகிறார். இந்தக் குழு சபை ஆகுமா? திரைக்கு முன்னால் உட்கார்ந்து திருவிருந்து எடுக்கலாமா? தமிழில் எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது நல்லது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் யோவானின் மூன்றாம் நிருபத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், வேறொரு நாளாக இருந்திருந்தால் நான்கு வரி ஆறுதல் சொல்லி முடித்திருப்பேன்.

மொழிபெயர்ப்பைப் பற்றி: சிறு வயதிலிருந்து எது காதில் விழுந்ததோ அதையே வாசியுங்கள். அம்மாவைப் பற்றி: அவரோடு வாதாட வேண்டாம், மகள் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் அனுப்புகிறார், வசனம் வந்ததும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிடுங்கள், அது போதும்.

கணக்குக் கேட்டீர்களே, அதில் ஒரு துளி தப்பில்லை. எருசலேமிலிருந்த ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தபோது தன் கையால் மட்டும் அதைக் கொண்டுபோகவில்லை, சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டார், இந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தக்கூடாது என்று எழுதியும் வைத்தார். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம், எட்டாம் அதிகாரம். அப்போஸ்தலருக்கே சாட்சி தேவைப்பட்டது. உங்கள் போதகருக்கு வேண்டாமா?

அந்த 'தொடாதே' வசனத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அது 105-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. யாரைப் பற்றி? சொற்பப் பேராய், பரதேசிகளாய், ஒரு ஜனத்தை விட்டு இன்னொரு ஜனத்திடம் அலைந்துகொண்டிருந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தைப் பற்றி. யாரிடம் சொல்லப்பட்டது? ராஜாக்களிடம். நாடு இல்லாதவனைக் காப்பாற்ற அதிகாரம் உள்ளவனுக்கு விடுத்த எச்சரிக்கை அது. அதை எடுத்து, கையில் மைக்கும் சாவியும் காசோலைப் புத்தகமும் வைத்திருப்பவர், ஒரு நாற்காலி மட்டுமே வைத்திருந்த ஞாயிறு பள்ளி டீச்சருக்கு விரோதமாய்ப் பிரசங்கிப்பது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா என்பதால் சவுல் மேல் கைபோட மாட்டேன் என்ற தாவீதுகூட வாயை மூடிக்கொள்ளவில்லை. குகைக்கு வெளியே வந்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைத் தூக்கிக் காட்டி, ராஜாவை நேருக்கு நேர் கேட்டான்.

அம்மா அனுப்பும் வசனத்துக்கு வருகிறேன். 'சபை கூடிவருதலை விட்டுவிடாமல்' என்பது 25-ஆம் வசனம். அதற்கு முந்தின வரியை யாரும் அனுப்புவதில்லை. அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் ஏவப்படும்படி 'ஒருவரையொருவர் கவனித்து' என்று இருக்கிறது 24-இல். இரண்டும் ஒரே வாக்கியம். கவனிப்பதற்காகத்தான் கூடுவதே. எட்டு மாதம் ஒரு டீச்சர் வரவில்லை, உங்கள் வகுப்பில் படித்த பிள்ளையின் வீட்டிலிருந்தாவது யாராவது வந்து கதவைத் தட்டினார்களா? நீங்கள் எழுதவில்லை, அதனால் தட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். 24-ஐ விட்டவர்களுக்கு 25-ஐ வைத்து உங்களை அடிக்க உரிமை இல்லை.

இவ்வளவும் உங்கள் பக்கம் நின்று சொன்னேன். இனி உங்களிடம் சண்டை போடப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'யாருக்கும் என் பெயர் தெரியாது, அதுவே நிம்மதி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

2020-இல் எல்லாச் சபைகளும் பூட்டிக் கிடந்த சமயம், நான் ஏற்கெனவே மூன்று வருடமாக வெளியே இருந்தேன். காரணம் உங்கள் காரணம் மாதிரியேதான், விவரம் வேண்டாம். ஒரு நண்பர் கூப்பிட்டு இணைய ஜெபம் ஒன்றில் சேர்த்துவிட்டார். திரையில் பதினோரு கட்டங்கள். அதில் ஒன்று எப்போதும் கறுப்பாக இருக்கும், கீழே 'பயணி' என்று மட்டும் எழுதியிருக்கும். வயதான குரல். சங்கீதம் வாசிக்கும் முறை அவருக்கு வந்தால் புத்தகம் பார்க்கமாட்டார், பக்கம் புரளும் சத்தமே கேட்காது. அவர் பேசும்போது பின்னால் ஒரு மின்விசிறி சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் கிரீச் என்று தட்டும். வசனத்துக்கு நடுவில் அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். 'என் மனைவிக்காக' என்பார், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார். மூன்று வருடம் பிரசங்கமே கேட்கப் பிடிக்காமல் இருந்த எனக்கு, மறுபடி ஜெபிக்க வாய் திறந்ததே அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

ஒரு வாரம் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் நான் கேட்டேன், பயணி ஐயா எங்கே? யாருக்கும் தெரியவில்லை. எண் தெரியவில்லை, ஊர் தெரியவில்லை, பெயரே தெரியவில்லை. இணைப்பை யார் அவருக்கு அனுப்பினார்கள் என்பதும் தெரியவில்லை. பத்துப் பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம், அப்புறம் ஒருவர் அன்றைய சங்கீதத்தை ஆரம்பித்தார். அவர் இருக்கிறாரா, மனைவி இருக்கிறாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜெபத்தில் அவரை இன்னும் 'பயணி' என்றுதான் சொல்கிறேன், வேறு என்ன சொல்ல?

அதே வருடக் கடைசியில் என் அப்பா இறந்தார். இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனை வாசலில் முதலில் வந்து நின்றவர், சபைக் கூட்டத்தில் என்னை 'உட்காருடா' என்று கத்தியவர். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதுவும் பேசவில்லை. அப்பாவின் முழுப்பெயரையும் பிறந்த வருடத்தையும் படிவத்தில் என்னைக் கேட்காமலேயே எழுதிக்கொடுத்தார். காலையில் பெட்டியின் ஒரு முனை அவர் தோளில் இருந்தது.

என்னை உடைத்த இடத்துக்கு என் அப்பாவின் பெயர் தெரிந்திருந்தது. என்னைத் தூக்கி நிறுத்திய இடத்தில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியவில்லை. இதை வைத்துக்கொண்டு நான் பல வருடமாகத் தடுமாறுகிறேன். பழைய சபைக்குத் திரும்பிப் போங்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன், நானே போகவில்லை. ஆனால் பெயர் தெரியாமல் இருப்பதுதான் நிம்மதி என்பதை ஒத்துக்கொள்ளவும் மாட்டேன்.

முதல் சில மாதம் சரி. அடிபட்டவன் ஒளிந்துகொள்ளத்தான் வேண்டும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக விரும்பியபோது தூதன் அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, இரண்டு தடவை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான், அவ்வளவுதான். கேள்வி அப்புறம்தான் வந்தது, குகையில். வந்தபோது பெயர் சொல்லித்தான் வந்தது: 'எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?'

தூரத்திலிருந்து ஐக்கியம் கொள்வது மட்டமான காரியம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களில் 21 கடிதங்கள். கூட இருக்க முடியாதவர்கள் எழுதியது. ஜெர்மனியில் இறையியலாளர் பான்ஹோஃபர் போதகர்களைப் பயிற்றுவித்த பின்கன்வால்டே இறையியல் கல்லூரியை 1937-இல் ஹிட்லரின் ரகசியப் போலீஸ் இழுத்து மூடியது. மாணவர்கள் சிதறிப்போனார்கள். அவர் சுற்றுக்கடிதங்கள் எழுதித்தான் அவர்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். போர் தொடங்கிய பிறகு அந்தக் கடிதங்களில் போர்முனையில் இறந்த மாணவர்களின் பெயர்களை எழுதினார். போர் வந்த பிறகு அவர்கள் எல்லாரும் ஒரே அறையில் உட்கார முடியவில்லை. ஆனால் ஒருவன் இல்லாமல் போனால் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

இனி அந்தச் சின்ன நிருபம், யோவானின் மூன்றாம் நிருபம். ஒரு சபையில் தியோத்திரேப்பு என்று ஒருவன், 'முதன்மையாயிருக்க விரும்புகிற' ஆள். வந்த சகோதரரை ஏற்றுக்கொள்ளமாட்டான், ஏற்றுக்கொள்ள மனதாயிருக்கிறவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளுவான். சபை தொடங்கி நூறு வருடம்கூட ஆகியிருக்காது, அதற்குள் உங்கள் கதை அங்கே நடந்திருக்கிறது. தன்னை மூப்பன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் தூரத்திலிருந்து காயு என்ற நண்பனுக்கு இதை எழுதுகிறார். கவனியுங்கள், தியோத்திரேப்புக்கு அந்தக் கடிதத்தில் கிடைத்தது இரண்டே வசனம். அவன் செய்ததை மறைக்கவில்லை, நான் வந்தால் இதைப் பேசுவேன் என்கிறார், அதோடு விட்டுவிடுகிறார். மற்றதெல்லாம் காயுவைப் பற்றி, தேமேத்திரியுவைப் பற்றி, வழிப்பயணமாய் வந்தவர்களுக்கு உதவுவதைப் பற்றி. உங்கள் குழு எத்தனை இரவைப் பிரசங்கத் துண்டுகளுக்குக் கொடுக்கிறது? அதை நிறுத்துங்கள். சபையை விட்டு வந்த பிறகும் அவர்களையே முன்வரிசையில் உட்காரவைத்திருக்கிறீர்கள். உங்களோடு இருக்கும் முப்பது பேரில் யாருக்கு வேலை போயிருக்கிறது, யார் தனியாக இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, ஆனால் அந்தப் போதகர் எந்த வாரம் என்ன சொன்னார் என்று தெரியும்.

கடைசியில் மூப்பன் எழுதுகிறார்: மையினாலும் இறகினாலும் எழுத மனதில்லை, சீக்கிரம் உன்னைக் காண்பேன், முகமுகமாய்ப் பேசுவோம். எல்லாவற்றுக்கும் முடிவில் ஒரு வரி. 'சிநேகிதரைப் பேர்பேராக வாழ்த்துவாயாக.'

முப்பது பேரிடமும் சொல்ல வேண்டாம், அது புத்தியும் இல்லை, முகம் தெரியாத கூட்டத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியாது. இரண்டு பேரைத் தெரிந்தெடுங்கள், எட்டு மாதம் கேட்ட குரல்களில் எது நம்பத்தக்கது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களிடம் உங்கள் பெயர், எண், உங்களுக்கு ஒன்று என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. அவர்களிடமும் அதையே கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் பயணி ஐயாவிடம் கேட்டிருக்க வேண்டியது அது. பதினோரு கட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இது சபை ஆகுமா என்று கேட்டிருந்தீர்கள், திருவிருந்தைப் பற்றியும். அதற்கு இன்னும் வரவேயில்லை, இன்றைக்கு வரவும் முடியாது. அந்த இருவரிடம் பேசிய பிறகு மறுபடி எழுதுங்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் எழுதுங்கள். அதைக் கேட்காமல் அந்தக் கேள்வியைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பெயரை மின்னஞ்சலின் அடியில் எனக்கு மட்டும் எழுதியிருந்தீர்கள். இன்றிரவு ஒன்பதரைக்கு அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பேன்.

அன்புடன்.